காலியாக விடப்பட்ட ஐந்து இடங்கள்

பெட்டியைத் திறந்தால்... – 9

ஐபிஎம் நிறுவனத்தின் முதல் பர்சனல் கம்ப்யூட்டர் 1981 ஆகஸ்ட் 12 அன்று நியூயார்க்கில் அறிமுகமானது. தொடக்க விலை 1,565 டாலர். அதன் மதர்போர்டில் என்னென்ன இல்லை என்று இன்று பட்டியல் போட்டால் வியப்பாக இருக்கும். திரைக்கு எழுத்தை அனுப்பும் சுற்று இல்லை. ஃபிளாப்பியை இயக்கும் சுற்று இல்லை. பிரிண்டருக்கு வழி இல்லை. கடிகாரம்கூட இல்லை, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதியையும் மணியையும் கையால் தட்ட வேண்டும். இன்டெல் 8088 ப்ராசஸர், கொஞ்சம் நினைவகம், கீபோர்டுக்கும் கேசட் ரெக்கார்டருக்கும் இணைப்பு, ஒரு சிறு ஸ்பீக்கர். அவ்வளவுதான். அவற்றோடு ஓரமாக, வரிசையாக ஐந்து ஸ்லாட்கள். ஒவ்வொன்றிலும் 62 தொடுமுனைகள்.

திரை வேண்டுமா, அதற்கு ஒரு கார்டு. ஃபிளாப்பி வேண்டுமா, இன்னொரு கார்டு. கூடுதல் நினைவகம், மோடம், எல்லாமே கார்டுதான். பெட்டியின் மூடியைக் கழற்றி, பின்பக்கத் தகட்டை எடுத்து, கார்டைச் செருகி, ஒரு ஸ்க்ரூவால் இறுக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த வேலை பெரிதாக மாறவில்லை. அன்று செய்தவர் இன்றைய கேபினெட்டின் முன் உட்கார்ந்தால், எங்கே கைவைக்க வேண்டும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஸ்லாட் என்ற யோசனை ஐபிஎம் கண்டுபிடித்ததல்ல. 1975இல் வந்த ஆல்டேர் 8800 கணினியில் நூறு முனை கொண்ட ஸ்லாட்கள் இருந்தன. அவற்றுக்குக் கார்டு தயாரித்தே பல சிறு நிறுவனங்கள் பிழைத்தன. 1977இல் ஆப்பிள் 2 உருவானபோது ஸ்டீவ் வாஸ்னியாக் எட்டு ஸ்லாட் கேட்டார். பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று, இரண்டு போதும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். வாஸ்னியாக் விட்டுக்கொடுக்கவில்லை. எட்டுதான் நின்றது.

ஆனால் ஐபிஎம் செய்த ஒரு காரியம் வேறு விதமானது. ஃபுளோரிடாவின் போகா ராடன் நகரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் இயங்கிய சிறு குழு, ஓராண்டுக்குள் கணினியை முடித்துக் காட்ட வேண்டியிருந்தது. சந்தையில் கிடைத்த உதிரிகளையே வாங்கிக் கோத்தார்கள். பிறகு அந்த இயந்திரத்தின் முழுச் சுற்று வரைபடத்தையும், பயாஸ் நிரலின் வரிகளையும் தொழில்நுட்பக் கையேடாக அச்சிட்டு விற்றார்கள். எந்த முனையில் எந்தச் சமிக்ஞை ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. விவரம் அறிந்த எவரும் ஐபிஎம்மின் அனுமதி கேட்காமல் ஒரு கார்டு தயாரித்து அந்தக் கணினிக்குள் நுழைத்துவிடலாம்.

நுழைத்தவர்கள் யார் என்பதுதான் இந்த வாரக் கதை.

வான் சுவன்னுகுல் தாய்லாந்துக்காரர். அமெரிக்காவில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தார். ஐபிஎம் கணினியில் தாய் எழுத்தில் தட்டச்சு செய்ய விரும்பினார். ஐபிஎம் அன்று இரண்டு வகைத் திரைக் கார்டுகளை விற்றது. ஒற்றை நிறக் கார்டில் எழுத்து கூர்மையாக விழும். ஆனால் கார்டின் சிப்பில் பதித்துவைத்த 256 குறிகளைத் தவிர வேறெதையும் அது காட்டாது. வண்ணக் கார்டில் புள்ளி புள்ளியாகப் படம் வரையலாம். ஆனால் நெடுக்கில் 200 புள்ளிகள்தான். தாய் எழுத்துக்கு மேலும் கீழும் உயிர்க்குறிகள் வரும். அவ்வளவு குறைந்த புள்ளிகளில் அவை தெளிவாக விழாது.

அவர் தானே ஒரு கார்டு வடிவமைத்தார். ஒற்றை நிறத் திரையிலேயே, அகலத்தில் 720, உயரத்தில் 348 என்று புள்ளிகளைத் தனித்தனியாக ஏற்றி அணைக்க முடிந்தது. 1982இல் கெவின் ஜென்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து ஹெர்குலிஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி அதை 499 டாலருக்கு விற்றார். அடுத்த ஆண்டு வந்த லோட்டஸ் 1-2-3 கணக்குத் தாள் மென்பொருள், ஹெர்குலிஸ் கார்டில் வரைபடம் காட்டியது. அலுவலகங்கள் அதை வாங்கிக் குவித்தன. தன் தாய்மொழியில் ஆய்வேடு எழுத நினைத்த ஒரு மாணவரின் தேவை, உலகம் முழுவதும் பின்பற்றிய ஒரு தரத்தை உருவாக்கியது.

கலிஃபோர்னியாவில் ஒரு மூவர் அணி. பாகிஸ்தானிலிருந்து வந்த சஃபி குரேஷி, ஹாங்காங்கிலிருந்து வந்த ஆல்பர்ட் வாங், தாமஸ் யூன். இவர்கள் 1980இல் தொடங்கிய ஏஎஸ்டி ரிசர்ச், ஸ்லாட் பற்றாக்குறையையே தொழிலாக்கியது. ஐந்து ஸ்லாட்களில் திரைக்கும் ஃபிளாப்பிக்கும் போக மிச்சம் மூன்று. தேவையோ அதைவிட அதிகம். 1983இல் வந்த இவர்களின் சிக்ஸ்பேக் பிளஸ் கார்டு, கூடுதல் நினைவகம், பேட்டரிக் கடிகாரம், பிரிண்டர் இணைப்பு, சீரியல் இணைப்பு எல்லாவற்றையும் ஒரே ஸ்லாட்டில் அடக்கியது. தினம் தினம் தேதி தட்டும் வேலை அத்தோடு ஒழிந்தது.

சிங்கப்பூரின் சிம் வாங் ஹூ 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலிக் கார்டைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே கனடாவின் ஆட்லிப் கார்டு இசை வாசித்தது. அதில் இருந்த யமஹா சிப்பையே சிம்மும் வைத்தார். கூடவே மனிதக் குரலைப் பதிவு செய்து திருப்பி ஒலிக்கும் வசதியையும், ஜாய்ஸ்டிக் இணைப்பையும் சேர்த்தார். ஜாய்ஸ்டிக்குக்குத் தனிக் கார்டு வாங்கி ஸ்லாட்டை வீணாக்க வேண்டாம் என்பதே பலர் இதை வாங்கப் போதுமான காரணமாயிற்று. 1992இல் அவருடைய கிரியேட்டிவ், நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனமானது.

தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டிய கார்டு ஒன்று இந்த வரிசையில் இருக்கிறது. அதன் பெயர் ஜிஸ்ட்.

1980களில் கான்பூர் ஐஐடியில் இந்திய எழுத்துகளைக் கணினியில் ஏற்றும் ஆய்வு நடந்தது. அதன் தொடர்ச்சியாக, 1988இல் புணேயில் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தில் ஜிஸ்ட் கார்டு வளர்ந்தது. அப்போது அலுவலகங்களில் ஓடியவை டிபேஸ், வேர்டுஸ்டார், லோட்டஸ் போன்ற டாஸ் மென்பொருள்கள். அவற்றை எழுதியவர்கள் ஆங்கிலத்தைத் தவிர வேறெதையும் கருதவில்லை. அவற்றைத் தமிழுக்காகத் திருத்தி எழுதுவது யாராலும் ஆகாத காரியம். ஜிஸ்ட் கார்டோ மென்பொருளைத் தொடவே இல்லை. ஸ்லாட்டில் உட்கார்ந்துகொண்டு, திரைக்குப் போகும் எண்களை வழியில் வாங்கி, அவற்றைத் தமிழாகவோ தெலுங்காகவோ தேவநாகரியாகவோ வரைந்து அனுப்பியது. டிபேஸுக்குத் தான் தமிழில் பெயர்ப்பட்டியல் வைத்திருப்பது தெரியாது. திரையைப் பார்க்கும் எழுத்தருக்குத் தமிழ் தெரியும்.

அதற்கு அடிப்படையாக இருந்தது இஸ்கி என்ற எழுத்துக் குறியீடு. பிராமியிலிருந்து கிளைத்த இந்திய எழுத்துகள் எல்லாவற்றிலும் ‘க’வுக்கு ஒரே எண். அதனால் ஒரு மொழி எழுத்தில் அடித்த பெயரை இன்னொரு மொழி எழுத்தில் அப்படியே காட்ட முடிந்தது. 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது, இந்திய மொழிப் பகுதிகளை 1988ஆம் ஆண்டு இஸ்கியைப் பின்பற்றியே அடுக்கினார்கள். இன்று கைபேசியில் பறக்கும் ஒவ்வொரு தமிழ்ச் செய்தியிலும் எழுத்துகளின் எண் வரிசை அந்த மரபில் வந்ததுதான். விண்டோஸும் எழுத்துருக்களும் பரவியபின் ஜிஸ்ட் கார்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் ஐபிஎம் அந்த ஸ்லாட்டைத் திறந்து வைக்காமல் இருந்திருந்தால், டாஸ் காலத்து அலுவலகக் கணினியில் தமிழ் நுழைய வேறு எளிய வழி இருந்திருக்காது.

இவ்வளவு சுதந்திரத்துக்கும் ஒரு விலை இருந்தது. கார்டைச் செருகினால் போதாது. பல கார்டுகளுக்கு ஐஆர்க்யூ என்ற குறுக்கீட்டு எண் ஒன்றை ஒதுக்க வேண்டும். ‘எனக்கு வேலை வந்திருக்கிறது, கவனி’ என்று ப்ராசஸரை அழைக்கும் கம்பி அது. முதல் ஐபிஎம் கணினியில் இருந்தவை எட்டு. டைமருக்கும் கீபோர்டுக்கும் இரண்டு போயின. ஃபிளாப்பி, பிரிண்டர், இரண்டு சீரியல் இணைப்புகள் என்று மற்றவையும் கரைந்தன. 1984இல் வந்த ஏடி மாடலில் எண்ணிக்கை கூடியது. அப்படியும் போதவில்லை. இரண்டு கார்டுகளுக்கு ஒரே எண் அமைந்தால் ஒன்று முடங்கும், அல்லது கணினியே உறைந்துபோகும். எண்ணை மாற்ற, கார்டில் இருக்கும் கடுகளவு ஜம்பரை நகத்தாலோ இடுக்கியாலோ பிடுங்கி வேறு ஊசிகளில் மாட்ட வேண்டும். பிறகு மூடியைப் போட்டு இயக்கிப் பார்க்க வேண்டும். சரியாக வராவிட்டால் மறுபடி கழற்ற வேண்டும். 1990களில் கணினி பழுது பார்த்தவர்களின் மாலை நேரங்களில் பாதி இப்படித்தான் போயின.

இந்தச் சிக்கலை முதலில் தீர்த்ததும் ஐபிஎம்தான். 1987இல் பிஎஸ்/2 கணினிகளோடு வந்த மைக்ரோ சானல் ஸ்லாட்டில் ஜம்பரே இல்லை. தொழில்நுட்பத்தில் அது நிச்சயம் முன்னேற்றம். ஆனால் அதைப் பயன்படுத்த ஐபிஎம்மிடம் உரிமம் பெற வேண்டும், பணம் கட்ட வேண்டும். 1988இல் காம்பாக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து ஈசா என்ற போட்டி ஸ்லாட்டை அறிவித்தன. ஏஎஸ்டியும் அந்த ஒன்பதில் ஒன்று. திறந்து வைத்ததால் வென்ற நிறுவனம், மூட முயன்றபோது தோற்றது. மைக்ரோ சானல் நிலைக்கவில்லை.

1992இல் இன்டெல் பிசிஐ ஸ்லாட்டைக் கொண்டுவந்தது. 1995இல் விண்டோஸ் 95 கார்டுகளைத் தானே அடையாளம் கண்டு எண் ஒதுக்கத் தொடங்கியது. ஜம்பர்கள் மெல்ல மறைந்தன. அதன்பின் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ்தான் இன்றுவரை பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருக்கிறது. அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர் இன்டெல்லின் அஜய் பட், வடோதராவில் பிறந்தவர். யூஎஸ்பியிலும் அவருடைய பங்கு பெரிது.

பழைய பிசிஐயில் எல்லாக் கார்டுகளும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொண்டன. ஊருக்கு ஒரே கிணறு இருந்த நிலை அது. ஒருவர் இறைத்து முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸில் வீட்டுக்கு வீடு குழாய். ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனிப் பாதை. தேவைக்கேற்ப ஒன்று, நான்கு, பதினாறு என்று பாதைகளை எண்ணிக்கையில் கூட்டிக்கொள்ளலாம். பழைய பிசிஐ முழுவதுமாக நொடிக்கு 133 மெகாபைட் கடத்தியது. 2003இல் முதல் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸின் ஒற்றைப் பாதையே 250 மெகாபைட் கடத்தியது.

அந்தப் பாதைகள் என்ன சாதித்தன என்பதற்கு ஒரு சான்று போதும். 2012இல் டொராண்டோ பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, பெற்றோர் வீட்டில் தன் அறையில் இருந்த கணினியில் இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டுகளைச் செருகினார். வீடியோ கேம் ஆடுவோருக்காகக் கடையில் விற்கப்பட்ட கார்டுகள் அவை. ஒவ்வொன்றிலும் 3 ஜிபி நினைவகம். இலியா சட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹின்டன் ஆகியோருடன் அவர் உருவாக்கிய, 6 கோடி அளவுருக்கள் கொண்ட நரம்பணி வலை அந்தக் கார்டுகளில் ஐந்தாறு நாட்கள் ஓடிப் பயிற்சி பெற்றது. படங்களை அடையாளம் காணும் இமேஜ்நெட் போட்டியில் அதன் பிழை 15.3 சதவீதம், இரண்டாம் இடத்துக்கு வந்தது 26.2 சதவீதம். இன்றைய செயற்கை நுண்ணறிவு வேகம் பிடித்த இடம் அது. விளையாட்டுக் கார்டு இந்த வேலைக்கு வரும் என்று அந்த ஸ்லாட்டை வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்திருக்க வழியில்லை. எதிர்பாராததற்கும் இடம் விட்டிருந்தார்கள். அதுதான் ஸ்லாட்டின் பெருமை.

சரி, இன்று ஒரு கார்டைப் பொருத்துவது எப்படி? வேலை தொடங்குவது அளவு நாடாவோடுதான். என்விடியா தயாரித்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் நீளம் 304 மில்லிமீட்டர், தடிமன் மூன்று ஸ்லாட், இழுக்கும் மின்சாரம் 450 வாட். கேபினெட்டில் அந்த நீளம் இருக்கிறதா, எஸ்எம்பிஎஸ் தாங்குமா, அதில் தேவையான இணைப்புகள் மிச்சம் உள்ளனவா என்று பார்க்காமல் வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் பலர். ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தேவைப்படுவதைத் தனி கேபிள்தான் தர வேண்டும்.

கணினியை அணைத்தால் மட்டும் போதாது. 1995இல் ஏடிஎக்ஸ் வடிவம் வந்ததிலிருந்து, கணினி அணைந்திருந்தாலும் மதர்போர்டில் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே சுவர் சுவிட்சை அணைத்து, யூபிஎஸ் இருந்தால் அதையும் அணைத்து, பிளக்கை உருவிவிட வேண்டும். பிறகு கணினியின் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கியிருக்கும் மின்னூட்டம் வடிந்துவிடும்.

அடுத்தது நிலைமின்சாரம். பாலியெஸ்டர் சட்டை, பிளாஸ்டிக் நாற்காலி, ஈரப்பதம் வறண்ட ஏசி அறை, இந்த மூன்றும் சேர்ந்தால் உடலில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும். விரலில் சுரீர் என்று உணர்வதற்கே ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சிப்புகள் கெடுவதற்கு அதில் சிறு பங்கே போதும். உணராமலே கார்டைக் கெடுத்துவிட முடியும் என்பதால், கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குவதும், நடுநடுவே தொட்டுக்கொள்வதும் நல்லது. கார்டை ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும். தங்க முலாம் பூசிய முனைகளில் விரல் படக் கூடாது.

பழைய கார்டின் முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்க்கும் வழக்கம் நம் ஊர்க் கடைகளில் இன்னமும் இருக்கிறது. தேய்த்ததும் வேலை செய்வதுண்டு. ஆனால் அந்த முலாம் மிக மெல்லியது. தேய்க்கத் தேய்க்கப் போய்விடும், ரப்பர் துகளும் ஸ்லாட்டுக்குள் தங்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியே சரியான மருந்து.

கிராஃபிக்ஸ் கார்டு என்றால் ப்ராசஸருக்கு மிக அருகில் உள்ள நீள ஸ்லாட்டில் செருக வேண்டும். கீழே அதே நீளத்தில் இருக்கும் இரண்டாவது ஸ்லாட் பார்வைக்கு ஒன்று போல் இருந்தாலும், பல மதர்போர்டுகளில் அதற்கு நான்கு பாதைகள்தான் போகும். வைஃபை கார்டு போன்ற சிறிய கார்டை நீள ஸ்லாட்டிலும் செருகலாம். அது வேலை செய்யும். ஸ்லாட்டுக்கு நேரான பின்தகட்டை எடுத்துவிட்டு, கார்டின் இரு முனைகளிலும் சமமாக அழுத்தினால், ஸ்லாட்டின் கோடியில் உள்ள கிளிப் ‘டக்’கென்று பூட்டும். தங்க முனைகள் வெளியே தெரியக் கூடாது. கழற்றும்போது முதலில் அந்தக் கிளிப்பை விடுவிக்க வேண்டும். அதை மறந்து இழுத்துக் கிளிப்பை உடைத்தவர்கள் ஏராளம். பின்பக்க ஸ்க்ரூவைப் போடாமல் விடக் கூடாது. கனமான கார்டின் எடை முழுவதும் ஸ்லாட்டில் தொங்கினால் நாளடைவில் அது தளரும்.

மின் கேபிளை இறுதிவரை அழுத்த வேண்டும். 2022இல் சில ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் இணைப்பு முனைகள் உருகின. இணைப்பு முழுதாக உட்காராதது பொதுவான காரணமாகத் தெரிகிறது என்று என்விடியா அப்போது சொன்னது. பிறகு அந்த இணைப்பின் உணர்முனைகளைக் குட்டையாக்கி, சரியாகச் செருகாவிட்டால் மின்சாரம் எடுக்காதபடி வடிவத்தையே திருத்தினார்கள்.

கடைசியாக, மானிட்டர் கேபிள். அதைப் பழையபடி மதர்போர்டின் இணைப்பிலேயே விட்டுவிட்டு, ‘கார்டு வேலை செய்யவில்லை’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் இன்றும் உண்டு. கேபிளைப் புதிய கார்டில் மாற்றிச் செருகி, கணினியை இயக்கி, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை நிறுவினால் வேலை முடிந்தது.

ஸ்லாட்கள் குறைந்துவருகின்றன. ஒலி, வலையிணைப்பு, யூஎஸ்பி எல்லாம் மதர்போர்டுக்குள்ளேயே வந்துவிட்டதால் பலருக்கு அவை தேவைப்படுவதில்லை. 2013இல் ஆப்பிள் தன் தொழில்முறைக் கணினியான மேக் ப்ரோவை உள் ஸ்லாட் ஒன்றுகூட இல்லாமல் வெளியிட்டது. புதிய கார்டுகள் வந்தபோது அதற்குள் வைக்க வழியில்லை. 2019இல் வந்த அடுத்த மேக் ப்ரோவில் எட்டு ஸ்லாட்கள் இருந்தன.

அடுத்த முறை மேசைக் கணினி வாங்கும்போது, பணம் கட்டும் முன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை ஸ்லாட் காலியாக இருக்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸில் எத்தனை கேபிள் மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு ஸ்லாட்டும் காலியில்லாத பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

(தொடரும்)